ஆர்.வி.யில் ஃப்ளோரிடா கீஸ்: கீ வெஸ்ட் வரை போகணுமா, பழைய ரயில் பாலத்தோடு நிறுத்திக்கலாமா?

சுமதி_அட்லாண்டா

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் அப்பா அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள். பிப்ரவரியில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வரும்போது ஒரு ஆர்.வி. (படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து ஃப்ளோரிடா கீஸ் தீவுகளுக்குப் போகலாம் என்று யோசனை.

அப்பா ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக (தண்டவாளப் பாதையைப் பராமரிக்கும் ஆய்வாளர்) இருந்து ஓய்வு பெற்றவர். கடலுக்கு நடுவே நூறு வருஷத்துக்கு முன்னால் ரயில் ஓடிய பாலம் அங்கே இருக்கிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, "அதைக் காட்டு, போதும். டிஸ்னியெல்லாம் பிள்ளைகளுக்கு வச்சுக்கோ" என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, வெளிச் சாப்பாடும் ஒத்துக்காது. ஆர்.வி. என்றால் குக்கரை வைத்து ஒரு ரசம் சாதம் பண்ணிவிடலாம் இல்லையா?

வண்டியை அட்லாண்டாவிலேயே எடுப்பதா, மயாமிக்கு விமானத்தில் போய் அங்கே எடுப்பதா? கடைசித் தீவான கீ வெஸ்ட் ஊருக்குள் ஆர்.வி. போகுமா? அந்தப் பாலத்தில் வயசானவர்கள் நடக்க முடியுமா? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

ராஜன்_டாம்பா

சுமதி, முதலில் இடத்தை வாங்குங்கள். வண்டியைப் பற்றி அப்புறம் பேசலாம். பிப்ரவரி அங்கே உச்ச சீசன். வடக்கே பனியில் கிடப்பவர்கள் எல்லாம் கீஸில்தான் இருப்பார்கள். அரசுப் பூங்காக்களில் ஃப்ளோரிடாவாசிகள் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், வெளி மாநிலத்துக்காரர்களுக்கு 10 மாதம். 2024 முதல் இப்படி. அதாவது ஜார்ஜியாவில் இருக்கும் உங்களுக்குக் கதவு திறப்பதற்கு முன்பே எங்கள் ஆட்கள் நல்ல இடங்களை அள்ளிவிடுவார்கள். மன்னிக்கவும், நானும் அதில் ஒருவன்தான்.

அதற்காக விட்டுவிடாதீர்கள். ரத்தாகிற இடங்கள் தினமும் வரும். நீங்கள் பார்க்க வேண்டிய பெயர்கள் இவை: கீ லார்கோவில் ஜான் பென்னிகேம்ப், மாரத்தான் என்ற ஊர்ப் பக்கத்தில் கரி ஹேமக், 37-வது மைல்கல்லில் பஹியா ஹோண்டா. அப்பாவுக்காகப் போகிறீர்கள் என்றால் பஹியா ஹோண்டாதான் முதல் குறி. பழைய ரயில் பாலம் அந்தப் பூங்காவுக்குள்ளேயே நிற்கிறது. ஒரு விஷயம் கவனம்: அங்கே மூன்று முகாம் பகுதிகள் உண்டு. பேசைடு என்ற பகுதிக்குப் போகும் வழி நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைகிறது, உயரக் கட்டுப்பாடு 6 அடி 8 அங்குலம். கூடாரம் போடுகிறவர்களுக்குச் சரி, ஆர்.வி.க்கு ஆகாது. பட்டன்வுட் பகுதியில் தேடுங்கள்.

மைல்கல் என்று சொன்னேனே, அங்கே எல்லா முகவரியும் அதில்தான். கீ வெஸ்ட் பூஜ்யம். வடக்கே வர வர எண் கூடும். கீ லார்கோ நூறைத் தாண்டும். "81.5, கடல் பக்கம்" என்றால் போதும், வழி கேட்க வேண்டாம்.

கீ வெஸ்ட் ஊருக்குள் ஆர்.வி. வேண்டவே வேண்டாம். பழைய ஊர்த் தெருக்கள் குறுகல், நிறுத்த இடம் கிடையாது. ராத்திரி சாலையோரம் நிறுத்தித் தூங்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். கீஸ் முழுக்க அதற்கு அனுமதி இல்லை, ஷெரிஃப் ஆள் வந்து கண்ணாடியைத் தட்டுவார்.

கணக்குப்புலி

நான் எப்போதும் போல மாற்றுக் கருத்து. எதற்கு ஆர்.வி.? அட்லாண்டாவிலிருந்து கீ வெஸ்ட் போய் வர 1,600 மைலுக்கு மேல். அந்த வண்டி காலனுக்கு 8 முதல் 10 மைல் கொடுத்தால் பெரிய விஷயம். பெட்ரோல் மட்டும் 160 முதல் 200 காலன். வண்டி வாடகை, மைலுக்குக் காசு, ஜெனரேட்டருக்கு மணிக்குக் காசு, காப்பீடு. தனியார் ஆர்.வி. பூங்காவில் பிப்ரவரியில் ஒரு இரவுக்கு 150 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். வெறும் மண் தரைக்கு, ஒரு குழாய்க்கு, ஒரு பிளக்குக்கு!

மினிவேனில் போங்கள், சமையலறை உள்ள விடுதியில் தங்குங்கள். அம்மாவுக்கு ரசம் அங்கேயும் கொதிக்கும். முழங்கால் வலி உள்ளவரை ஆர்.வி. படியில் நாளுக்குப் பத்து தடவை ஏற்றி இறக்குவது கொடுமை.

சுமதி_அட்லாண்டா

> முழங்கால் வலி உள்ளவரை ஆர்.வி. படியில்

இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. ஆனால் கீஸில் சமையலறை உள்ள விடுதி பிப்ரவரியில் என்ன விலை என்று இப்போதுதான் பார்த்தேன். ஆர்.வி.யே தேவலாம் போல இருக்கிறது!

ஸ்கார்பரோ_சிவா

வணக்கம் தங்கச்சி. நாங்கள் கனடாவிலிருந்து குளிர்காலத்தில் வாகனத்தை எடுத்துக்கொண்டு ஃப்ளோரிடாவுக்கு வருவது வழக்கம். மனிசியின் அம்மாவும் கூடவே வருவா, அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆகவே வயசான ஆக்களோடு போகிற அனுபவத்தில் சொல்கிறேன்.

அட்லாண்டாவில் எடுக்க வேண்டாம். மயாமி வரை பறந்து போங்கோ, இரண்டு மணி நேரப் பயணம். அங்கே எடுத்தால் கீ லார்கோ ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆர்.வி. ஓடிப் பழக்கமில்லாத ஆள் முதல் நாளே பதினொரு மணி நேரம் ஐ-75இல் ஓடினால், கடலைக் காண முதலே குடும்பத்தில் சண்டை வந்துவிடும். 25 அடி வாகனம் உங்களுக்குப் போதும். முன்னால் டிரைவருக்கு மேலே இருக்கிற கட்டிலை அப்பா அம்மாவுக்குக் கொடுக்காதேங்கோ, ஏணியில் ஏற வேணும். பின்னுக்கு நிரந்தரக் கட்டில் உள்ள வாகனமாகக் கேட்டு எடுங்கோ. படிக்குக் கீழே வைக்க ஒரு அகலமான பிளாஸ்டிக் படிக்கட்டு இருபது முப்பது டாலருக்குள் கிடைக்கும், முழங்கால் பிரச்சினை பாதி தீரும். கைபிடி உறுதியாக இருக்கிறதா என்று எடுக்கும்போதே ஆட்டிப் பாருங்கோ.

தண்ணீர் கவனம். கீஸில் நல்ல தண்ணீர் ஊறுவதில்லை. தீவுகளுக்கு வரும் குடிதண்ணீர் பெரும்பாலும் ஃப்ளோரிடா சிற்றியிலிருந்து 130 மைல் குழாயில் வருகிறது. 1942இல் கடற்படை போட்ட குழாய்வழிதான் தொடக்கம். அதற்கு முதல் ஆக்கள் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் குடித்தவர்கள். அதனால் பூங்காக்களில் பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு விளையாடினால் பக்கத்து ஆக்கள் முறைப்பார்கள்.

சமையல் பற்றி: குக்கர், தாளிப்பு எல்லாம் வெளியே மேசையில் சிறிய காஸ் அடுப்பு வைத்துச் செய்யுங்கோ. உள்ளே கருவாடு பொரித்தால் வாடகைக்காரன் சுத்தம் செய்யக் காசு கேட்பான். இது எனக்குத் தெரிந்த ஒருவரின் கதை, நான் இல்லை. சாம்பார், ரசம் மிஞ்சினால் கிண்ணத்தொட்டியில் ஊற்றாதேங்கோ. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் சாம்பல் நிறக் கழிவுத் தொட்டி இரண்டு நாளில் மணக்கத் தொடங்கும், அதுவும் அந்த வெக்கையில். கறுப்புத் தொட்டி, அதுதான் கழிவறைத் தொட்டி, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகே வெளியேற்ற வேணும். கொஞ்சமாக இருக்கும்போது திறந்தால் தண்ணீர் மட்டும் ஓடி மற்றது அடியில் இறுகிவிடும். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவும்.

கடைசியாகக் காற்று. மாரத்தானுக்கு அப்பால் வருகிற ஏழு மைல் பாலத்தில் இரண்டே தடம், நடுவில் நிற்க முடியாது. பக்கக் காற்று உயரமான வாகனத்தை மெல்லத் தள்ளும். எதிரே பெரிய லொறி வந்தால் ஒரு உலுக்கு உலுக்கும். வேகத்தைக் குறைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் ஒன்றும் இல்லை. பின்னால் வருகிறவன் அவசரப்பட்டால் அது அவன்பாடு.

பாலம்பித்தன்

அப்பா பி.டபிள்யூ.ஐ. என்றதும் நான் உள்ளே வந்துவிட்டேன். நான் ஹூஸ்டனில் பாலம் வடிவமைக்கிற ஆள். இந்த இழை திசை திரும்பினால் மன்னிக்கவும். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கதை ஹென்றி ஃபிளாக்லர் என்ற பணக்காரரிடம் தொடங்குகிறது. ராக்ஃபெல்லரோடு சேர்ந்து ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தைத் தொடங்கியவர். பிறகு ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் ஹோட்டல் கட்டுவதும் அதற்கு ரயில் போடுவதுமாக இறங்கினார். 1896இல் அவருடைய ரயில் மயாமி வந்தது. மனிதர் அங்கே நிற்கவில்லை. பனாமா கால்வாயை அமெரிக்கா கையில் எடுத்தபோது, அதற்கு மிக அருகில் இருக்கும் ஆழமான அமெரிக்கத் துறைமுகம் கீ வெஸ்ட்தான் என்று கணக்குப் போட்டார். கியூபா வெறும் 90 மைல். 1905இல் வேலை தொடங்கியது. அப்போது அவருக்கு 75 வயது.

பாதை போக வேண்டிய இடம் தீவும் கடலும் மாறி மாறி வருகிற நிலம். பவளப்பாறை, அதன் மேல் சில அடி தண்ணீர், நடுநடுவே ஆழமான கால்வாய்கள். 1906 அக்டோபரில் புயல் அடித்தது. தொழிலாளர்கள் தங்கியிருந்த மிதக்கும் விடுதி ஒன்றைக் கடலுக்குள் இழுத்துப் போய் உடைத்தது, நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 1909, 1910 என்று மறுபடி மறுபடி புயல். தலைமைப் பொறியாளர் ஜோசப் மெரிடித் 1909இல் வேலையின் நடுவிலேயே இறந்தார். அவருக்கு உதவியாளராக இருந்த வில்லியம் க்ரோம் எடுத்து முடித்தார். 1912 ஜனவரி 22 அன்று முதல் ரயில் கீ வெஸ்ட்டுக்குள் வந்தது. 82 வயது ஃபிளாக்லர் அதில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் இறந்தும் போனார்.

இப்போது பாலங்கள். பழைய ஏழு மைல் பாலம் என்பது ஒன்றல்ல, நான்கு துண்டு. மாரத்தான் பக்கம் இருந்து முதல் மூன்றும் கான்கிரீட் தூண் மேல் எஃகு தகட்டு கர்டர், அதாவது உத்தரம். தெற்குக் கடைசித் துண்டு கான்கிரீட் வளைவுகள். நடுவில் மோசர் கால்வாயில் கப்பலுக்காகத் திருகித் திறக்கிற பாலத்துண்டு, ஸ்விங் ஸ்பேன், ஒன்று இருந்தது, இப்போது இல்லை. தண்ணீருக்கு அடியில் போகும் கான்கிரீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து சிமென்ட் வரவழைத்தார்கள், உப்புத் தண்ணீரில் இறுகுகிற வகை. அந்தத் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது பஹியா ஹோண்டா. மற்ற இடங்களில் ஆழம் குறைவு, அங்கே கால்வாய் ஆழம். அதனால் எஃகு ட்ரஸ், அதாவது சட்டங்களைக் கோத்த கூடு, போட்டார்கள், ரயில் ட்ரஸ்ஸுக்குள்ளே ஓடியது. பிற்பாடு அதைக் கார் பாலமாக்க நினைத்தபோது ட்ரஸ்ஸின் அகலம் இரண்டு காருக்குப் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ட்ரஸ்ஸின் தலைமேல் சாலைத் தளத்தைப் போட்டுவிட்டார்கள்! ரயில் ஓடிய கூடு கீழே காலியாக, கார்கள் மேல்மாடியில். 1938 முதல் 1972இல் புதுப்பாலம் வரும்வரை அப்படித்தான் ஓடின. இப்போது படகு போக இரண்டு ஸ்பேனை எடுத்துவிட்டார்கள், அதனால் பாலம் வெட்டுண்டு நிற்கிறது. பூங்காவுக்குள்ளிருந்து மேலே ஏறிப் பார்க்க ஒரு பாதை உண்டு. நின்று பார்த்தால் மேல்தளத்தின் வளைவு ட்ரஸ்ஸின் கூனலை ஒட்டி ஏறி இறங்குவது தெரியும்.

இன்னொன்று அப்பாவுக்குப் பிடிக்கும். ரயில் போன பிறகு தண்டவாளத்தைப் பழைய இரும்புக்கு விட்டுவிடவில்லை. பழைய ஏழு மைல் பாலத்தைச் சாலையாக்கியபோது அந்தத் தண்டவாளங்களையே இருபக்கக் கைப்பிடித் தடுப்பாக வைத்தார்கள்.

கணக்குப்புலி

அருமையான கதை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏழு வருஷம் கட்டி, 23 வருஷம் ஓட்டி, 1935இல் ஒரு புயலில் போச்சு. கடைசியில் மாநிலத்துக்கு வெறும் 640,000 டாலருக்கு விற்றார்கள். அந்தக் காலத்திலேயே ஊரார் இதை ஃபிளாக்லரின் பைத்தியக்காரத்தனம் என்றுதான் சொன்னார்கள். ஊர் வாய் சும்மா இல்லை.

பாலம்பித்தன்

புயலில் போச்சு என்பது பாதி உண்மை. அந்த ரயில் நிறுவனம் 1931இலேயே கடன் கட்ட முடியாமல் நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போய்விட்டது. பனாமாவிலிருந்து வரும் என்று நம்பிய சரக்கு கீ வெஸ்ட்டுக்கு எதிர்பார்த்த அளவில் வரவே இல்லை. 1935இல் நன்றாகக் காசு வந்துகொண்டிருந்தால் கெட்டுப்போன இடத்தைச் சரிசெய்து ஓட்டியிருப்பார்கள். காசில்லாத வீட்டில் கூரை விழுந்த மாதிரிதான் நடந்தது.

அடுத்து, புயல் எதை அடித்துப் போனது என்று பாருங்கள். பெரிய பாலங்களை அல்ல! மேல் தீவுகளில், அதாவது வடக்குப் பக்கத் தீவுகளில், கடலை அடைத்துப் போட்ட மண்கரையையும் அதன் மேலிருந்த பாதையையும் சுமார் 40 மைலுக்கு அரித்துக்கொண்டு போனது. தண்ணீர் போக வழிவிட்ட இடத்தில் கட்டடம் நின்றது, வழியை மறித்த இடத்தில் போனது. தீவுக்காரர்கள் ஆரம்பத்திலேயே எச்சரித்தார்கள், அலை போக இடம் விடுங்கள் என்று. 1906, 1909 புயல்களுக்குப் பிறகு பொறியாளர்கள் சில இடங்களில் கரையை உடைத்துப் பாலமாக மாற்றவும் செய்தார்கள். போதவில்லை.

அந்த 640,000 டாலரில் மாநிலம் வாங்கியது என்ன? கடலுக்கு மேல் தயாராக நிற்கிற தூண்கள். மூன்றே வருஷத்தில், 1938இல், அதன் மேல் கார் ஓடியது. பழைய ஏழு மைல் பாலத்தில் 1982 வரை கார் ஓடியிருக்கிறது. ரயிலாக 23 வருஷம், சாலையாக 44 வருஷம். போட்ட முதல் ஃபிளாக்லருக்குத் திரும்பவில்லை, உண்மைதான். ஆனால் பாலம் வீணாகவில்லை.

கணக்குப்புலி

அடுத்தவன் காசில் அரசாங்கத்துக்குச் சாலை. சரி, இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

மீனா_ஒர்லாண்டோ

ஒரு சின்ன இடையீடு. பாலம், டாலர் என்று பேசுகிறோம், 1935இல் செத்தவர்களையும் சொல்லிவிடலாம். செப்டம்பர் 2, தொழிலாளர் தினம். காற்றழுத்தம் 892 மில்லிபார் வரை இறங்கியது. அமெரிக்கக் கரையைத் தொட்ட புயல்களில் இன்றுவரை அதுதான் மிகக் குறைவு. சுமார் நானூறு பேர் அல்லது அதற்கும் மேல் செத்தார்கள். அதில் பெரும்பங்கு முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த வீரர்கள். மந்தநிலைக் காலத்தில் அவர்களைக் கீஸில் சாலைப் பாலம் கட்ட அனுப்பியிருந்தார்கள். தங்க வைத்தது கூடாரத்திலும் பலகைக் குடிசையிலும். அவர்களை ஏற்றி வர மயாமியிலிருந்து ஒரு ரயில் அனுப்பினார்கள், அதுவும் தாமதம். இரவு எட்டு மணிக்கு மேல் இஸ்லமொராடாவில் நிற்கும்போது அலை வந்து பெட்டிகள் எல்லாவற்றையும் பாதையிலிருந்து தள்ளிவிட்டது. எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது.

81.5 மைல்கல் அருகே நினைவுச் சின்னம் இருக்கிறது. பவளக்கல்லில் அலையும் காற்றில் வளையும் தென்னையும் செதுக்கியிருப்பார்கள். 1937இல் திறந்தது, சுமார் முந்நூறு பேரின் எச்சங்கள் அதற்குள் இருக்கின்றன. எல்லோரும் கீ வெஸ்ட் போகிற அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆர்.வி. நிறுத்த இடம் கிடைத்தால் இறங்குங்கள்.

ரயில் கட்டிய தொழிலாளர்களும் சுகமாக இல்லை. வடக்கிலிருந்தும், பஹாமாஸ், கேமன் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள். கொசுவும் வெயிலும் போக, ஆட்களைக் கடன் காட்டிப் பிடித்து வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று மத்திய அரசு வழக்குப் போட்டு, அது நிற்காமல் போனது.

ஸ்கார்பரோ_சிவா

மீனா சொன்ன ரயில் கதையை வாசித்ததும் தனுஷ்கோடிதான் நினைவுக்கு வந்தது. எங்கட அப்பா இளவயதில் தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி மெட்ராசுக்கு ரயில் பிடித்தவர். போட் மெயில். பாம்பன் பாலம் 1914இல் திறந்தது, இந்த அமெரிக்கப் பாலத்துக்கு இரண்டு வருசம் பிறகு. இரண்டு பாதையும் நாட்டின் விளிம்பில் ஒரு துறைமுகத்தில் முடிந்து, அங்கிருந்து கப்பலில் மற்ற நாட்டுக்குப் போனது. இங்கே கியூபா, அங்கே இலங்கை. கீ வெஸ்ட்டில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி ஹவானாவுக்கு அனுப்பினார்களாம். தனுஷ்கோடியில் ஆக்கள் இறங்கிக் கப்பலுக்கு நடந்தார்கள்.

1964 டிசம்பரில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரை அலை கொண்டுபோனது. அங்கேயும் பாதை முடிவில் இருந்த ஊர் போனது, பாம்பன் பாலம் அடிபட்டது. ஆனால் அதைத் திரும்பக் கட்டி ரயில் விட்டார்கள்.

பாலம்பித்தன்

46 நாளில். ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பில். பிற்பாடு கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் வாங்கியவர். கடலில் விழுந்த கர்டர்களை மீனவர்கள் உதவியோடு தேடி எடுத்து மறுபடி ஏற்றினார்கள். பாம்பனில் எதிர்முனையில் ராமேஸ்வரம் இருந்தது, யாத்திரைக்காரர்கள் இருந்தார்கள், வேறு பாலமே கிடையாது. கட்டாயம் இருந்தது, கட்டினார்கள். கீ வெஸ்ட்டில் 1935இல் அந்தக் கட்டாயம் சாலைக்கு இருந்தது, ரயிலுக்கு இல்லை. பாம்பனிலும் பழைய பாலம் 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்று, பக்கத்திலேயே செங்குத்தாகத் தூக்குகிற புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று.

சுமதி_அட்லாண்டா

அப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். "ட்ரஸ் மேல ரோடா? லோடு கணக்கு யார் போட்டா?" என்று ஒரே கேள்வி. பாலம்பித்தன் சார், பதில் சொல்லாவிட்டால் எனக்குத்தான் தொல்லை.

பாலம்பித்தன்

ரயில் எஞ்சினுக்காகக் கட்டிய ட்ரஸ்ஸுக்கு 1938 மாடல் கார் ஒரு பாரமே இல்லை என்று சொல்லுங்கள், பி.டபிள்யூ.ஐ.க்குப் புரியும். பக்கவாட்டுக் காற்றுதான் கவலை, தளம் உயரப் போய்விட்டதல்லவா. புது ஏழு மைல் பாலத்தையும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். 1978இல் தொடங்கி 1982இல் முடித்தது. கரையில் வார்த்த கான்கிரீட் பெட்டித் துண்டுகளைப் படகில் கொண்டுவந்து, உள்ளே கம்பியை இழுத்துக் கட்டி, 135 அடி ஸ்பேனாகக் கோத்தார்கள். பழையது பக்கத்திலேயே ஓடுவதால் எழுபது வருஷ இடைவெளியில் வேலை எப்படி மாறியது என்று ஒரே பார்வையில் தெரியும்.

ராஜன்_டாம்பா

சுமதியின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நடக்க முடியும். பழைய ஏழு மைல் பாலத்தில் மாரத்தானிலிருந்து பிஜன் கீ என்ற குட்டித் தீவு வரை 2.2 மைலைச் செப்பனிட்டு 2022 ஜனவரியில் திறந்தார்கள். நடக்க, சைக்கிள் ஓட்ட மட்டும், கார் கிடையாது, கட்டணமும் கிடையாது. தரை சமம், அகலம். அப்பா நடக்கட்டும், பிள்ளைகள் சைக்கிளில் போகட்டும். நிழல் துளிகூட இல்லை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். அம்மாவுக்கு மாரத்தானிலிருந்து பிஜன் கீ போகும் சின்ன ரயில் மாதிரியான வண்டி இருக்கிறது, நேரமும் கட்டணமும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கர் தீவு அது. பாலம் கட்டியபோது சுமார் 400 பேர் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களுடைய மரவீடுகள் சில இன்னும் இருக்கின்றன, அருங்காட்சியகமும் உண்டு. தீவுக்குள் போக மட்டும் தனிக் கட்டணம்.

புதுப்பாலத்தில் போகும்போது பழையதைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். தொடர்பறுந்த ஒரு பகுதியில் கான்கிரீட் மேல் ஒற்றைச் சவுக்கு மரம் நிற்கும். ஊர்க்காரர்கள் அதற்கு ஃபிரெட் என்று பெயர் வைத்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் விளக்குப் போட்டு அலங்காரமும் பண்ணுகிறார்கள். மண்ணே இல்லாத இடத்தில் சவுக்கு!

பிக் பைன் கீயில் குட்டை மான்கள் உண்டு. தோள் உயரம் இரண்டு, இரண்டரை அடிதான், உலகில் வேறெங்கும் கிடையாது. இரவில் அங்கே வேக வரம்பு 35 மைல், ஷெரிஃப் விளையாட மாட்டார். பிள்ளைகள் மானுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம்.

கீ வெஸ்ட் வேண்டுமானால் ஒரு நாள் மட்டும், வேறு கார் வாடகைக்கு எடுத்துப் போய் வாருங்கள். தென்கோடி என்று எழுதிய அந்தப் பெரிய பீப்பாய் முன்னால் படம் எடுக்க முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பது உங்கள் இஷ்டம். நான் நிற்க மாட்டேன்.

மீனா_ஒர்லாண்டோ

ராஜன் அண்ணா கீ வெஸ்ட்டை ரொம்ப மட்டம் தட்டுகிறார். மாலரி சதுக்கத்தில் மாலை நேரம், தெருவில் இஷ்டத்துக்குத் திரியும் கோழிகள், பழைய மரவீடுகள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஆர்.வி.யை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில் நானும் அதே கட்சி.

பிப்ரவரியில் கடல் தண்ணீர் 22 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும், பிள்ளைகள் குளிப்பார்கள், பெரியவர்கள் காலை நனைப்பார்கள். விடியலிலும் அந்தியிலும் கண்ணுக்கே தெரியாத ஒரு கடிபூச்சி வரும், சாதாரண வலைக்குள்ளும் நுழையும். அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுங்கள். திடீரென்று குளிர் அலை வந்தால் மரத்திலிருந்து இகுவானா விறைத்துப்போய்த் தொப்பென்று விழும். சாகவில்லை, வெயில் வந்ததும் எழுந்து போய்விடும். அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அலறிவிடுவார்.

சுமதி_அட்லாண்டா

ஒரு நல்ல செய்தி! நேற்று ராத்திரி கரி ஹேமக்கில் தொடர்ந்தாற்போல மூன்று இரவு ரத்தாகி வந்தது, பிடித்துவிட்டேன். பஹியா ஹோண்டாவில் இன்னும் கிடைக்கவில்லை, பகலில் போய் வந்துவிடலாம் என்று முடிவு. மயாமி வரை விமானம், அங்கே 25 அடி வண்டி, பின்னால் நிரந்தரக் கட்டில். சிவா அண்ணா சொன்ன பிளாஸ்டிக் படியும் வாங்கியாயிற்று. கணக்குப்புலி, நீங்கள் சொன்ன மைல் கணக்கைக் காட்டித்தான் என் கணவரை விமானத்துக்குச் சம்மதிக்க வைத்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். பாலத்தில் நடக்கப் போகும்போது ஆர்.வி.யை எங்கே நிறுத்துவது?

ராஜன்_டாம்பா

47-வது மைல்கல்லில், மாரத்தான் முடிகிற இடத்தில் பாலத்தின் தலைப்பில் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது, ஆனால் கார்களுக்கே சீசனில் இழுபறி. கரி ஹேமக் 56-வது மைல்கல். நடுவில் ஒன்பது மைல்தான். ஆர்.வி.யை முகாமிலேயே மின்சாரத்தில் மாட்டி வைத்துவிட்டு, அந்த ஒரு நாளுக்கு மாரத்தானில் ஒரு கார் எடுத்துவிடுங்கள். அதே காரில் மறுநாள் கீ வெஸ்ட்டும் பஹியா ஹோண்டாவும் முடிந்துவிடும். ஆறு பேர் என்றால் மூன்று வரிசை வண்டியாகக் கேளுங்கள், இப்போதே சொல்லி வையுங்கள்.

கணக்குப்புலி

ஆக, மினிவேன். நான் என் முதல் பதிவிலேயே சொன்னேன்.